ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிடுமா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இன்டர்வியூவைப் பற்றியவை. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள், அந்தப் பக்கம் உட்காருகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இருபத்தைந்து வருடமாக பனியன் கம்பெனி நடத்துகிறேன். ஆள் உள்ளே வந்து உட்காருவதற்குள் தேறுவானா மாட்டானா என்று சொல்லிவிடுவேன். எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்திருக்கும் என் மகள், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மார்க் போட வேண்டும் என்கிறாள். எனக்கு இது பள்ளிக்கூட விளையாட்டு மாதிரி இருக்கிறது. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், திருப்பூர்

மகள் சொல்வதுதான் சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. எந்தத் தேர்வு முறை எவ்வளவு நன்றாகக் கணிக்கிறது என்ற கணக்கு அவ்வப்போது மாறுகிறது. ஆனால் அந்த நேரத்தில் தோன்றுவதைக் கேட்கும் நேர்காணலைவிட, கேள்விகளை முன்கூட்டியே முடிவு செய்து எல்லோரிடமும் அதையே கேட்கும் நேர்காணல் மேல் என்பது பெரும்பாலான கணக்குகளில் அப்படியே நிற்கிறது.

1998ல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இருவர் 85 வருட ஆய்வுகளைத் திரட்டி ஒரு பெரிய கணக்குப் போட்டார்கள். அதில் செய்திருந்த ஒரு திருத்தம் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று 2022ல் பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் காட்டி, மறுபடி கணக்கெடுத்தார்கள். 1 என்றால் அச்சுப் பிசகாத கணிப்பு, 0 என்றால் பூவா தலையா போட்டுப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால், கேள்விகளை முன்பே வகுத்துக்கொண்டு நடத்தும் நேர்காணலுக்கு இந்தப் புதுக் கணக்கில் 0.42 வந்தது. பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். சும்மா பேசிப் பார்த்து முடிவெடுக்கும் நேர்காணலுக்கு 0.19. இன்னொரு எண்ணையும் பாருங்கள்: எத்தனை வருட அனுபவம் என்பதை மட்டும் வைத்துக் கணித்தால் 0.07. விளம்பரத்தில் முதல் வரியிலேயே ‘10 வருட அனுபவம் கட்டாயம்’ என்று போடுகிறோமே, அதற்கு அவ்வளவுதான் மதிப்பு.

சரி, அப்படியானால் இருபத்தைந்து வருடமாக உங்கள் கணிப்பு பலித்துக்கொண்டே வருவதாக ஏன் தோன்றுகிறது? நீங்கள் எடுத்தவர்களை மட்டும்தான் பிறகு பார்க்கிறீர்கள். வேண்டாமென்று அனுப்பியவர் பக்கத்துக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகக் கொடிகட்டிப் பறந்தாலும் அந்தத் தவறு உங்கள் கணக்கில் ஏறாது. அது மட்டுமில்லை, பிடித்துப்போய் எடுத்தவருக்கு நல்ல மெஷின், நல்ல லைன், கொஞ்சம் பொறுமை எல்லாம் நம்மை அறியாமலேயே கொடுத்துவிடுகிறோம்.

அனுப்பிவிட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்கும் வாய்ப்பு ஒருமுறை கிடைத்தது. 1979ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில சட்டமன்றம், ஹூஸ்டனிலுள்ள மருத்துவக் கல்லூரி கூடுதலாக 50 மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்று கடைசி நேரத்தில் உத்தரவு போட்டது. நேர்காணலில் ‘வேண்டாம்’ என்று கழித்துவிட்டவர்களைத் திரும்பக் கூப்பிடும்படி ஆகிவிட்டது. அந்த 50 பேரும் படிப்பிலும், நோயாளிகளைக் கவனிப்பதிலும், படிப்பைப் பாதியில் விடாமல் முடிப்பதிலும் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. நேர்காணலில் அவர்களைக் கீழே தள்ளிய பேராசிரியர்கள் எதைப் பார்த்துத் தள்ளினார்களோ, அதற்கும் நல்ல டாக்டராவதற்கும் தொடர்பே இல்லாமல் போயிற்று.

இதைவிட என்னை உலுக்கிய ஆய்வு 2013ல் ஜேசன் டானா, ராபின் டாவ்ஸ் உள்ளிட்டோர் வெளியிட்டது. சில மாணவர்கள் வேறு மாணவர்களை நேர்காணல் செய்து, அடுத்த பருவத்தில் அவர்கள் என்ன மதிப்பெண் எடுப்பார்கள் என்று சொல்ல வேண்டும். பழைய மதிப்பெண்ணும் கையில் இருக்கிறது. நேர்காணல் செய்யாமல் பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சொன்னபோதுதான் கணிப்பு நன்றாக வந்தது, நேர்காணல் அதைக் கெடுத்தது! இன்னொன்றும் செய்தார்கள். எதிரில் இருந்த சிலரிடம், கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு விதிப்படி ஆம், இல்லை என்று மாற்றி மாற்றிச் சொல்லும்படி ரகசியமாகச் சொல்லிவைத்தார்கள். கேள்வி கேட்டவர்களில் ஒருவருக்குக்கூட ஏதோ தப்பாக இருக்கிறது என்று படவில்லை. வந்த உளறலிலிருந்தும் ஒரு ஆளை உருவாக்கிக்கொண்டு, அவரைப் புரிந்துகொண்டதாகவே நம்பினார்கள். மனித மனம் அப்படி. கிடைத்ததையெல்லாம் கோர்த்து ஒரு கதையாக்கிவிடும்.

உங்கள் அனுபவத்துக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன், 1955ல் இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தபோது அவருக்கு 21 வயது. புதிதாகச் சேருகிறவர்களை மதிப்பிடும் நேர்காணலை மாற்றியமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆறு குணங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நடந்த விஷயங்களைப் பற்றி மட்டும் கேள்வி கேட்டு, ஒன்றை முடித்து மார்க் போட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்று விதித்தார். நேர்காணல் செய்பவர்கள் கொதித்துப்போனார்கள், எங்களை இயந்திரமாக்குகிறீர்களே என்று. அப்போது அவர் ஒரு சமாதானம் சொன்னார்: ஆறுக்கும் மார்க் போட்டு முடித்ததும் கண்ணை மூடுங்கள், இந்த ஆளை ஒரு சிப்பாயாகக் கற்பனை செய்யுங்கள், மனசு சொல்கிற மார்க்கையும் போடுங்கள். பிறகு பார்த்தால், பழைய முறையைவிடப் புது முறை நன்றாகக் கணித்தது. கண்ணை மூடிப் போட்ட மார்க்கும் அந்த ஆறு மார்க்கின் கூட்டுத்தொகை அளவுக்கு நன்றாக இருந்தது. ஆக, உள்ளுணர்வு வேலை செய்கிறது, ஆனால் விவரங்களை ஒழுங்காகச் சேகரித்த பிறகு கேட்டால்தான். கதவைத் திறந்து ஆள் நுழையும்போது கேட்டால் அது அவருடைய சட்டையைப் பற்றியும் நடையைப் பற்றியும்தான் பேசும்.

உங்கள் கம்பெனிக்கு ஸ்டோர் கீப்பர் தேவை என்று வைத்துக்கொள்வோம். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்க தம்பி’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘சாயங்காலம் ஆறரை மணிக்கு லாரி வந்து நிற்கிறது. டெலிவரி சலானில் 40 பெட்டி, இறக்கி எண்ணினால் 38. டிரைவர் அவசரப்படுகிறார், கையெழுத்துப் போடுங்கள், மீதியை நாளைக்குப் பார்த்துக்கலாம் என்கிறார். முதலாளி போனை எடுக்கவில்லை. என்ன செய்வீர்கள்?’ இதை வருகிற எல்லோரிடமும் இதே வார்த்தைகளில் கேளுங்கள். அதற்கு முந்தின நாளே நீங்களும் மகளும் உட்கார்ந்து, எந்தப் பதிலுக்கு எத்தனை மார்க் என்று எழுதி வைத்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன் என்றால் 1. லாரியை நிறுத்தி வைப்பேன் என்றால் 3. சலானிலேயே 38தான் வந்தது என்று எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து அனுப்புவேன் என்றால் 5. இந்த முறைக்கு 1980லேயே கேரி லேதமும் அவருடைய கூட்டாளிகளும் வழி காட்டிவிட்டார்கள். இரண்டு பேரும் தனித்தனியாக மார்க் போட்டு, கடைசியில்தான் ஒப்பிட வேண்டும். முதலாளி வாயைத் திறந்துவிட்டால் மற்றவர் பேனா அந்தப் பக்கமே சாய்ந்துவிடும்.

கட்டிங் மாஸ்டர் என்றால் கேள்வியே வேண்டாம். துணியை விரித்து, பேட்டர்னைக் கொடுத்து, வெட்டச் சொல்லி, எவ்வளவு துணி வீணாகிறது என்று பாருங்கள். அதற்கு அரைநாள் கூலியும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் பிளேஸ்மென்ட் பயிற்சிக்கு வந்தவர், நாம் சொல்வதில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், வார்த்தைக்கு வெறும் 7 சதவீதம் என்றார். அப்படியானால் பாடம் படித்து என்ன பிரயோஜனம்? இன்டர்வியூவுக்குப் போகும் முன் பாத்ரூமில் இடுப்பில் கைவைத்து இரண்டு நிமிடம் நிற்கவும் சொன்னார்.
– இறுதியாண்டு மாணவர், விருதுநகர் மாவட்டம்

தம்பி, இரண்டையும் மறந்துவிடு.

அந்த 7 சதவீதக் கணக்கு ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967ல் செய்த இரண்டு சின்ன ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒற்றை வார்த்தைகளை வெவ்வேறு தொனியில் சொல்லிக் காட்டி, சொல்கிறவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். வார்த்தை ஒன்றாகவும் முகமும் தொனியும் வேறாகவும் இருந்தால் எதை நம்புகிறோம் என்பதுதான் அங்கே விஷயம். மற்ற பேச்சுக்கெல்லாம் இது பொருந்தாது என்று மெஹ்ராபியனே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஒரு புரோகிராம் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கேட்டால் அதற்கான காரணத்தை உன் புருவம் சொல்லாது, நீதான் சொல்ல வேண்டும்.

இடுப்பில் கைவைத்து நிற்கும் கதை 2010ல் வந்தது. அப்படி நின்றால் ஹார்மோனே மாறும் என்றார்கள். 2015ல் வேறு ஒரு குழு இன்னும் நிறைய பேரை வைத்துச் செய்து பார்த்தபோது ஹார்மோனும் மாறவில்லை, நடத்தையும் மாறவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் முதன்மையானவரான டேனா கார்னி, 2016ல் தனக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். ஒரு ஆய்வாளர் செய்யக்கூடிய மிக நேர்மையான காரியம் அது. நம் ஊர்ப் பயிற்சி வகுப்புகளுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

மெக்கானிக்கல் படித்த பையன்களையும் பெண்களையும் வரிசையாக நிறுத்தி, கை குலுக்குவதற்கும் கண்ணைப் பார்ப்பதற்கும் மணிக்கணக்கில் பயிற்சி கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த நேரத்தில் கடைசி வருட புராஜெக்டில் நீ என்ன செய்தாய், எது வேலை செய்யவில்லை, எப்படிச் சரி செய்தாய் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருக்கலாம்.

கேள்வி: இன்டர்வியூவில் கை நடுங்குகிறது, துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன். நிறைய இடத்தில் நிராகரித்துவிட்டார்கள். என்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்துவிட்டது.
– பெயர் வேண்டாம், மதுரை

முதலில் வீட்டில் சொல்வதற்குப் பதில். மேலே திருப்பூர் வாசகருக்கு எழுதியதை அப்படியே அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் நடத்துவது அந்த 0.19 வகை நேர்காணல். அதில் வரும் முடிவில் உங்கள் திறமைக்கு ஒரு பங்கு, அன்றைக்கு எதிரில் இருந்தவரின் மனநிலைக்கும் விருப்புவெறுப்புக்கும் பெரிய பங்கு. அதை உங்களைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ள ஒரு நியாயமும் கிடையாது.

நடுக்கம் கொஞ்சம் பாதிக்கத்தான் செய்யும், பதற்றம் கூடினால் நேர்காணலில் கிடைக்கும் மதிப்பு ஓரளவு இறங்குகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் எதனால் இறங்குகிறது என்பதில்தான் உங்களுக்கு ஆறுதல் இருக்கிறது. கனடாவில் கெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமாண்டா ஃபைலர், டெபோரா பவல் இருவரும் 2016ல் வெளியிட்ட ஆய்வில், மாதிரி நேர்காணல்களை வீடியோ எடுத்து ஒவ்வொரு அசைவையும் பதிவு செய்தார்கள். துணியை இழுத்துக்கொள்வது, கை பிசைவது, பார்வையைத் திருப்புவது போன்றவை மதிப்பெண்ணைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பாதித்தது பேச்சு மிகவும் மெதுவாகி, வார்த்தை குறைந்துபோவது. அப்புறம், சொல்வதை உறுதியாகவும் இணக்கமாகவும் சொல்லாமல் ஒதுங்கிப்போவது. துப்பட்டாவைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது. ஆனால் பேச்சை நிறுத்திவிடாதீர்கள்.

‘பதறாதே, அமைதியாக இரு’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வது அவ்வளவாக உதவுவதில்லை. படபடக்கும் நெஞ்சை அடக்கி அமைதியாக்குவது கடினம், அதே படபடப்புக்கு உற்சாகம் என்று பெயர் வைப்பது சுலபம். ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014ல் மேடைப் பேச்சு, கரோக்கே பாட்டு, கணக்கு மூன்றிலும் இதைச் சோதித்தார். ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்றவர்களைவிட ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள்.

நீங்கள் செய்த வேலைகளில் நான்கைந்தை எடுத்துக்கொள்ளுங்கள்: என்ன பிரச்சினை, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது. தம்பியோ தோழியோ எதிரில் உட்கார, சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது போதாது, வாய்க்குப் பழக வேண்டும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் விண்ணப்பத்தைக் கையால் எழுதித் தரச் சொல்லி, கையெழுத்து நிபுணரிடம் அனுப்புகிறார்கள். அப்புறம் எம்.பி.டி.ஐ. என்று, ஆளின் குணத்தை நான்கு ஆங்கில எழுத்துகளில் சொல்லும் பரீட்சையும் உண்டு. பலன் இருக்கிறதா?
– எச்.ஆர். ஊழியர், சென்னை

கையெழுத்துக்கு 1998ன் கணக்கில் கிடைத்தது 0.02. அதாவது ஒன்றுமில்லை. எம்.பி.டி.ஐ. பரீட்சையை விற்கும் நிறுவனமே ஆள் எடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. சில வாரம் கழித்து அதே பரீட்சையை மறுபடி எழுதினால் பலருக்கு அந்த நான்கில் ஒரு எழுத்தாவது மாறிவிடுகிறது.

அப்படியும் ‘என்னைப் பற்றி அச்சு அசலாகச் சொல்லிவிட்டார்’ என்று மக்கள் ஏன் வியக்கிறார்கள் என்று கேட்பீர்கள். 1948ல் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்களுக்கு ஒரு குணப் பரீட்சை வைத்து, ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு 5க்குச் சராசரியாக 4.26 போட்டார்கள். எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே அறிக்கை. கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தொகுத்தது!

கேள்வி: மேன்ஹோல் மூடி ஏன் வட்டமாக இருக்கிறது, விமானத்தில் எத்தனை கோல்ஃப் பந்து கொள்ளும் என்றெல்லாம் கேட்கிறார்களே?
– ஐ.டி. ஊழியர், சென்னை

கூகுளில் மனிதவளப் பிரிவுக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். அந்தப் புதிர்கள் எதையும் கணிக்கவில்லை, சுத்த நேர விரயம், கேட்கிறவருக்குத் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ள மட்டும் உதவியது என்றார். கூகுள் விட்டு இத்தனை வருடம் ஆகியும் மற்றவர்கள் விடவில்லை.

கேள்வி: தனியார் நிறுவன நேர்காணலில் பத்து நிமிடம் வேலையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு சொந்த ஊர் எது, ஊருக்குள் எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், குலதெய்வம் எங்கே என்று ஆரம்பித்துவிட்டார்கள். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டோம் என்றார்கள். வேலை கிடைக்கவில்லை. நான் அளவுக்கு மீறி யோசிக்கிறேனா?
– ஒரு பொறியாளர், ஊர் வேண்டாம்

இல்லை. உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதை விட்டு இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. பெயரிலிருந்து தெரியாததால் தெருவிலிருந்து தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் டெல்லியில் பெரிய நிறுவனங்களின் எச்.ஆர். மேலாளர்களிடம் பேசி 2007ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். திறமை ஒன்றுதான் எங்களுக்கு முக்கியம் என்று சொன்ன அதே மேலாளர்கள், அநேகமாக எல்லோரும், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகிறதே என்று அவர்களுக்குப் படவில்லை.

அதே வருடம் சுக்தேவ் தோரட், பால் அட்வெல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. ஆங்கிலப் பத்திரிகைகளில் தனியார் நிறுவனங்கள் கொடுத்த விளம்பரங்களுக்கு, படிப்பும் தகுதியும் ஒரே மாதிரி உள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான். முகத்தைப் பார்க்கும் முன்பே, பேசும் முன்பே இது நடந்துவிடுகிறது.

அரசு வேலையில் சாதி, மதம், பிறந்த இடம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் நிறுவனத்தை அந்தப் பிரிவு கட்டாது. அதனால்தான் ஒரே கேள்வி, முன்பே எழுதிய மார்க் என்ற முறையை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். வேலைக்குத் தேவையான கேள்விகளை மட்டும் தாளில் எழுதி வைத்தால் குலதெய்வத்துக்கு அதில் இடமிருக்காது. நேர்காணல் ஆரம்பிக்கும் முன் நடக்கும் ‘சும்மா பேச்சு’தான் ஆபத்து, மார்க் போடாத இடத்தில்தான் முடிவு எடுக்கப்படுகிறது. அடுத்த முறை கேட்டால், ‘இந்த வேலைக்கு அது எப்படித் தேவைப்படும் சார்?’ என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் புரிகிறது. அந்தப் பாரத்தை உங்கள் தலையில் வைப்பதே அநியாயம், நிறுவனங்கள்தான் மாற வேண்டும்.

கேள்வி: மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலை எடுத்தது நல்லதா? எழுத்துத் தேர்வை மட்டும் வைத்து ஆளை எடைபோட முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

2015 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்து, 2016 ஜனவரி 1 முதல் குரூப் சி, டி பணிகளுக்கும் குரூப் பி-யில் கெசட்டட் அல்லாத பணிகளுக்கும் நேர்காணல் நீக்கப்பட்டது. சிபாரிசும் லஞ்சமும்தான் அதற்குச் சொன்ன முக்கியக் காரணம், அது ஒன்றே போதுமான காரணம். சில நிமிடம் பேசிப் பார்த்து மார்க் போடும் நேர்காணல் போனதில் இழப்பு அதிகமில்லை என்பது என் கருத்து. எழுத்துத் தேர்வால் எல்லாவற்றையும் அளக்க முடியாது என்று நீங்கள் சொல்வதும் சரிதான், ஆனால் விடுபட்டதை அந்த நேர்காணல் அளந்துகொண்டிருக்கவில்லை. தட்டச்சு, வாகனம் ஓட்டுதல் போல வேலையையே செய்து காட்டும் தேர்வு எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் வைக்கலாம். சிவில் சர்வீசஸ் தேர்வில் இன்னும் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 ஆளுமைத் தேர்வுக்குத்தான். அங்கே ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஒருவருடைய பணியையே மாற்றிவிடும் என்பதால், எந்தக் குணத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று தனித்தனியாகப் பிரித்து வெளியிட்டால் நல்லது.

கேள்வி: நல்லபடியாகப் பேசி எடுக்கிறோம், இரண்டு மூன்று மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லையா?
– ஹோட்டல் மேலாளர், கோயம்புத்தூர்

பிள்ளைகளைக் குறை சொல்லும் முன், எடுக்கும்போது அவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று யோசியுங்கள். வேலையின் கஷ்டத்தையும் சேர்த்து முன்கூட்டியே உள்ளபடி சொல்லிவிட்டால் பாதியில் விட்டுப்போவது ஓரளவு குறைகிறது என்பது பல வருட ஆய்வில் தெரிந்த விஷயம். பெரிய அளவில் குறையாது, ஆனால் செலவே இல்லாத வழி இது. ஞாயிறு விடுமுறை கிடையாது, தீபாவளி அன்றைக்கும் வேலை, இரவு மூடிய பிறகும் ஒரு மணி நேரம் சுத்தம் செய்ய வேண்டும், இதையெல்லாம் சம்பளத்தைச் சொல்லும் அதே மூச்சில் சொல்லுங்கள். தங்குமிடத்தையும் முதல் நாளே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போகிறவர் உங்களுக்கும் அவருக்கும் மூன்று மாதத்தை மிச்சப்படுத்துகிறார். எல்லோருமே வேண்டாம் என்று போனால், சரி செய்ய வேண்டியது தங்குமிடத்தைத்தான்.